கண்ணாடிக் கடைக்காரரின் முகம்

கண்ணாடிக் கடைக்காரரின் முகத்தை யாரோ திருடிவிட்டார்கள். முகத்தை எப்படித் திருடுவது என்று சிரிக்காதீர்கள் கண்ணுகளா. வியாபாரம் பெருகட்டும் என்று அவர் மனைவிதான் அவருக்கு விதவிதமான ஃபிரேம்களை மாட்டிப் படமெடுத்து இணையத்தில் போட்டாள். எவனோ அவற்றை அள்ளிக்கொண்டு போய், வாழ்க்கைத் துணை தேடுகிறவர்கள் விளம்பரம் கொடுக்கும் பக்கத்தில், 'கப்பல் எஞ்சினியர், மனைவியை இழந்தவர்' என்று போட்டுவிட்டான். கடைக்காரருக்கோ தண்ணீரைப் பார்த்தாலே தலைசுற்றும். இழந்ததாகச் சொன்ன மனைவியோ கல்லாவில் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாள்.

செக்கிங் அக்கா அந்தக் கடைக்கு வந்தது ஒரு மத்தியானம். துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளில் குறை பார்ப்பது அவள் வேலை. அதனால் வந்த பெயர். தையல் விட்ட இடமோ நூல் பிசிறோ அவள் கையைத் தாண்டிப் போகாது. அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அப்பாவும் அம்மாவும் விட்டுப்போன வீட்டில் அவளும் தம்பியும் மட்டும்தான். தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. எந்த வேலையிலும் நிலைக்க முடியவில்லை. அந்த வீடும் அக்காவும்தான் அவனுக்கு உலகம்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள், கடைக்காரரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"நான்தான்" என்றாள்.

"கண்ணு டெஸ்ட் பண்ணணுமாம்மா? உட்காருங்க."

"பயப்படாதீங்க. எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. சண்டை போட வரல."

கல்லாவில் சில்லறை எண்ணிக்கொண்டிருந்த மனைவியின் கை நின்றது.

அக்கா போனை நீட்டினாள். அதில் அவர் படம். "கப்பல்ல எடுத்ததுன்னு அனுப்பினீங்க. பெருசு பண்ணிப் பார்த்தேன். பின்னாடி கண்ணாடியில ஒரு பலகை தெரியுது. மேல பெரிய எழுத்து, கீழ வர வரச் சின்ன எழுத்து. கப்பல்ல அது எதுக்கு? தேடித் தேடிக் கடையைப் பிடிச்சிட்டேன். எஞ்சினியர் இல்லைன்னா என்ன? கடை வச்சிருக்கிறது கேவலமா? எனக்கு ஆள்தான் வேணும், உத்தியோகம் இல்ல."

பொய்யை எவ்வளவு அழகாகப் பிடித்துவிட்டாள், பாருங்கள். ஆனால் பிடித்த பிசிறைத் தானே வெட்டிப் போட்டுவிட்டு, அந்தச் சட்டையை நல்ல சட்டைகளோடு அடுக்கிவிட்டாள்.

"அடியம்மா!" என்று எழுந்தாள் மனைவி. "இந்த மனுஷன் என்கிட்டயே 'ம்', 'ம்ஹூம்' தாண்டிப் பேசினதில்ல. உனக்கு வசனமா எழுதினாரு?"

"நீங்க யாரு?"

"செத்துப்போன பொண்டாட்டி. உனக்கு முன்னாடியே சில பேர் வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போயிட்டாங்க."

அக்காவின் முகம் வெளுத்தது. கடைக்காரர் மனைவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "என்னம்மா கேட்டான் உங்ககிட்ட?"

"எதுவும் கேக்கல. வீட்டை வித்துப் பணத்தை அனுப்பு, துறைமுகத்துப் பக்கம் பெரிய வீடா வாங்கலாம், தம்பிக்கு வலிப்பு வரும், அவனும் நம்மகூடவே இருக்கட்டும்னாரு. நாளைக்குப் பத்திரம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணால பார்த்துரலாம்னு வந்தேன்."

"போன்ல முகம் காட்டிப் பேசியிருக்கானா?"

"கடல்ல சிக்னல் கிடைக்காது."

"நேர்ல வரேன்னு சொன்னானா?"

"சொன்னாரு. ஒரு தடவை புயல். ஒரு தடவை காய்ச்சல்."

கடைக்காரர் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். "இப்போ அவனுக்கு ஏதாவது எழுதும்மா. என் கையைப் பார்த்துக்கிட்டே எழுது."

'எங்கே இருக்கீங்க?' என்று எழுதினாள். அந்தப் பக்கம் எழுதுவதாகப் போன் காட்டியது. மேசைமேல் இருந்த விரல்கள் அசையவில்லை. பதில் வந்தது: 'கடல்லதான் செல்லம். பத்திரம் நாளைக்குத்தானே?'

அவள் போனைப் பார்த்தாள். கைகளைப் பார்த்தாள். மறுபடியும் போனைப் பார்த்தாள். மனைவிக்கு அதுவரை இருந்த கேலியெல்லாம் வடிந்துவிட்டது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போனது போகட்டும் தாயி. வீட்டை மட்டும் வித்துராதே. அந்தப் பிள்ளை எங்கே போவான்?"

"விக்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அக்கா எழுதினாள்: 'இது உங்க முகம் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க யாரு? எப்படி இருந்தாலும் எனக்குச் சம்மதம்.'

என் செல்லங்களே, உங்களுக்கு இப்படி ஒருத்தன் வாய்த்தால், அவனிடமே போய் நியாயம் கேட்காதீர்கள். நீங்கள் கேட்கிற கேள்விக்குள்ளேயே பதிலைத் தேடி எடுத்துக்கொள்வான். அந்தக் கடைசி வரி அவனுக்குப் போதுமாக இருந்தது.

'என் முகம் தீயில வெந்துபோச்சு. பார்த்தா நீ ஓடிடுவியோன்னு பயந்தேன். இனி உன் இஷ்டம்.'

அதைப் படித்த பிறகுதான் அவள் அழுதாள். "பார்த்தீங்களா? பாவம்!"

"பாவமா? நீ கேட்டப்புறம்தானேடி வெந்தது!"

"அப்போ அந்த முகத்தையாவது காட்டச் சொல்லும்மா" என்றார் கடைக்காரர்.

"வெந்த முகத்தைக் காட்டுன்னு கேக்கறது மனுஷத்தனமா? உங்ககிட்ட இருக்கிறது வெறும் முகம். வேலை முடிஞ்சு வந்ததும் சாப்பிட்டியா, கால் வலிக்குதான்னு கேட்டது அவரு."

எழுந்தாள். மனைவி அவள் பையைப் பிடித்துக்கொண்டாள். "கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லு. அப்புறம் விடறேன்."

"உங்களுக்குப் பேச ஆள் இருக்கு. உங்களுக்குப் புரியாது" என்று பையை உருவிக்கொண்டு போனாள். மனைவி செருப்புக்கூட மாட்டாமல் ஓடினாள். பஸ் நகர்ந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் போனில் எழுதிக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

கடைக்காரர் போலீசுக்குப் போனார். "பொண்ணு பேர் என்ன? எந்த ஊர்? நம்பர் இருக்கா?" எதுவும் அவருக்குத் தெரியவில்லை. கேட்டு வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. "உங்க முகம் உங்ககிட்டதானே சார் இருக்கு?" என்று அங்கே ஒருவர் சிரித்தார். மனைவி கடைப் படங்களையெல்லாம் எடுத்துவிட்டாள். எடுத்து என்ன, போனது போனதுதான்.

சில வாரம் கழித்து, கடையைத் திறக்கும்போதே ஒரு இளைஞன் வாசலில் காத்திருந்தான். கையில் துணி மூட்டை. எங்கோ விழுந்து நெற்றியில் அடிபட்ட காயம் இன்னும் ஆறவில்லை. கடைக்காரரைக் கண்டதும் அவன் முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தான்!" என்றான்.

கடைக்காரர் கையிலிருந்த சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வீட்டை வாங்கினவங்க காலி பண்ணச் சொல்லிட்டாங்க அத்தான். உங்களைப் பார்த்துட்டு வந்து என்னைக் கூட்டிட்டுப் போறேன்னு அக்கா துறைமுகத்துக்குப் போச்சு. போன் போட்டா எடுக்கல. உங்க படத்தையும் இந்தக் கடையையும் எனக்கு முன்னாடியே காட்டியிருக்கு. அதான் நானே கேட்டுக் கேட்டு வந்துட்டேன்." கடைக்குள் எட்டிப் பார்த்தான். கண் பரிசோதிக்கும் அறையின் திரையை விலக்கி, அங்கேயும் பார்த்தான். "அக்கா எங்கே அத்தான்? வெளியே போயிருக்கா?"

கடைக்காரர் திரும்பி மனைவியைப் பார்த்தார். மனைவிதான் அவன் தோளைத் தொட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"மாத்திரை போட்டியாப்பா?"

"இல்லக்கா" என்றான் அவன். "அக்காதான் எடுத்துக் குடுக்கும்."