மடிப்பா, தலையாட்டமா

…இவ்வளவு வளைவு இருக்க முடியாது, இருக்கவே முடியாது, மூளைப் புறணியின் தடிப்பே இரண்டரை மில்லிமீட்டர், அத்தனை தடித்த கம்பளியை ஒரு மில்லிமீட்டர் ஆரத்துக்கு யாரால் மடிக்க முடியும், ஆனால் திரையில் நெற்றிப் பக்கம் முழுக்க அப்படித்தான் சிவந்து கிடக்கிறது, ஓரிடத்தில் நிற்க முடியாத துறுதுறுப்பு நோய் கொண்ட நாற்பது பிள்ளைகளின் மூளை மற்றப் பிள்ளைகளுடையதைவிட அதிகம் மடிந்தது என்று கட்டுரையில் எழுதியவள் ஹேவோன்தான், மூன்று வருட உழைப்பு, இன்று ஐந்து மணிக்கு இதழுக்குப் போக வேண்டும்… சராசரி வளைவை அப்படியே கூட்டினால் மேட்டுக்கு ஒரு குறி, பள்ளத்துக்கு எதிர்க்குறி, ஒன்றை ஒன்று தின்றுவிடும், அதனால் குறியைக் கழற்றிவிட்டுக் கூட்டினாள், எல்லாரும் செய்வதுதான், ஆனால் குறி போய்விட்டால் சொரசொரப்பும் மடிப்போடு சேர்ந்துகொள்ளுமே, படம் எடுக்கையில் பிள்ளை தலையை ஆட்டினால் பரப்பு சொரசொரக்குமே… இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை, தோன்றியும் தள்ளிவிட்டாளா?

“அக்கா, கிம்பாப் சோத்துச்சுருள் காஞ்சு போகுது” என்றாள் பக்கத்து மேசை கியூரி. தலையாட்டின பிள்ளைங்க பட்டியலை எடு என்றாள் இவள். “இப்பவா? பேராசிரியர் காதுல விழுந்தா நம்ம தலைதான் ஆடும்.” விழட்டும். நாற்பதில் பதினேழு பேர். ஒவ்வொருவராக நீக்கினாள், மறுபடி ஓட்டினாள், சிவப்பு வடிந்து சாம்பல் ஆனது, ஒரு புள்ளி மிச்சமில்லை, பேராசிரியர் தோக்கோவின் அறைக்கு நடந்தாள், நின்றால் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

“அது மடிப்பு இல்ல சார், தலையாட்டம். இன்னைக்கு அனுப்ப மாட்டேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “மூணு வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதா உனக்கு?” அப்புறம் அதை மறுபடி மாட்டிக்கொண்டு, “சரி. வித்தியாசம் இல்லைன்னே எழுதிடு.”

எழுதத்தான் உட்கார்ந்தாள், இல்லை என்பதையும் உரக்கச் சொல்லலாம், சொல்வாள், வித்தியாசம் இல்லை என்று அடித்தாள், நீக்கியவர்களின் எண்களைக் கீழே வரிசையாகப் போட்டாள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் படம் எடுத்தவர் குறிப்பு, காலை உதைத்தான், பாதியில் எழுந்துவிட்டாள், மூன்று முறை முயன்றும் கிடக்கவில்லை… அப்படியானால் மீதி இருபத்து மூன்று பேர், அந்த ஸ்கேன் குழாய்க்குள் ஆறு நிமிடம் அசையாமல் கிடந்தவர்கள், விரல் விசையின் மேலேயே நின்றது, துறுதுறுத்த பிள்ளைகளை எல்லாம் அவளே வெளியே அனுப்பிவிட்டு, யாருடைய மூளையில் வித்தியாசம் இல்லை என்கிறாள்?