பட்டியல் தாள்: ஆறு நிமிடம்

ஸ்ஃபாக்ஸ் பல்கலைக்கழகத்தில், கண் போகும் இடத்தைப் பதியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போன நாற்பது பேரின் காணொளிகள் இருந்தன. படத்தின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி ஓடும். அந்தப் புள்ளி ஹரிஸா என்கிற மிளகாய் விழுது டின்மேல் நிற்கிறதா, விலைச்சீட்டின்மேலா, கையிலிருக்கும் சாமான் பட்டியல் தாளின்மேலா என்று நிறுத்தி நிறுத்திக் குறிப்பதுதான் ஹாஜருக்கும் நெஸ்ரினுக்கும் வேலை. ஒரு நிமிடப் படத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும்.

இதைக் கணினியே செய்ய வழி கண்டவள் ஹாஜர். முழுப் படமும் வேண்டாம்; புள்ளியைச் சுற்றி ஒரு சிறு சதுரத்தை வெட்டி, அதில் இருப்பது என்ன என்று பார்த்தால் போதும். நோட்டில் வரைந்து வைத்திருந்தாள். அதைப் பேராசிரியர் லஸ்ஸாதிடம் சொல்லப் போனபோது அவர் சிரித்தார்.

"நெஸ்ரின் போன வாரமே சொல்லிட்டாளேம்மா. கட்டுரையில அவ பேர்தான் முதல்ல. நீ நிரலை எழுதிக் குடு, உன் பேரை ரெண்டாவதா போடறேன்."

முதல் பெயருக்குத்தான் முனைவர் பட்ட இடம் கிடைக்கும். ஒரே வேலையைப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற இருவருக்கு ஒரே யோசனை வரக்கூடாதா என்று ஹாஜர் தன்னையே தேற்றிக்கொண்டு நிரலை எழுதினாள்.

அது ஓடி முடிந்தபோது, ஆளுக்கு ஒன்றாக நாற்பது வரிகள் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தொரு வரிகள் இருந்தன. கடைசி வரியில் டின் இல்லை, விலை இல்லை. 'பட்டியல் தாள், ஆறு நிமிடம்' என்று மட்டும் இருந்தது. சாமான் பட்டியலை ஆறு நிமிடம் யார் படிப்பார்கள்? நிரலில்தான் பிழை என்று அந்தக் காணொளியைத் திறந்தாள்.

கடை இல்லை. அவளுடைய மேசை.

ஆட்கள் வருமுன் கண்ணாடியைத் தாங்களே போட்டுச் சரிபார்ப்பது அவர்கள் வழக்கம். அந்தப் பதிவை அன்றே அழிக்க வேண்டும். யார் உட்கார்ந்து இதைக் குறிக்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார்கள். நிரலுக்கு அந்தச் சலிப்பெல்லாம் கிடையாது.

நெஸ்ரினின் மோதிரம் போட்ட விரல் ஹாஜரின் நோட்டைப் புரட்டியது. அந்த நோட்டுத் தாளைத்தான் நிரல் பட்டியல் தாள் என்று எடுத்துக்கொண்டிருந்தது. புள்ளி வரி வரியாக நகர்ந்தது. சதுரம் வரைந்த இடத்துக்கு நான்கு முறை திரும்பி வந்தது. தேதியைப் பார்த்தாள். நெஸ்ரின் பேராசிரியரிடம் பேசியதற்கு முந்தின நாள்.

மடிக்கணினியைக் கொண்டுபோய்ப் பேராசிரியரிடம் காட்டினாள். லஸ்ஸாத் திரையைப் பாதியிலேயே மூடினார். "தன் பதிவைப் பார்க்கலாம்னு நெஸ்ரின் ஒப்புதல் தாள்ல கையெழுத்துப் போட்டிருக்காளா?"

"இல்ல, உஸ்தாத்."

"அப்போ நாம பார்க்கவே கூடாது. அழிச்சிடு."

"நோட்டு என்னுது, உஸ்தாத்."

"நான் எதையும் பார்க்கலை, ஹாஜர்."

அவள் வெற்று ஒப்புதல் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு நெஸ்ரினிடம் போனாள்.

"என்னடி, புது ஆள் கெடச்சாச்சா? கெழவியா, குமரியா?"

"நீதான். பதினாலாம் தேதிப் பதிவு. என் நோட்டு தெரியுது. கையெழுத்துப் போடு."

நெஸ்ரினின் காப்பிக் கோப்பை பாதியில் நின்றது. "ஒரே தட்டுல சாப்பிட்டவங்கடி நாம. நமக்குள்ள இதெல்லாம் என்ன?"

"நமக்குள்ள என்னன்னுதான் நோட்டை மேசையிலேயே விட்டுட்டுப் போனேன்."

நெஸ்ரின் ஒற்றை விரலால் தாளைத் தள்ளிவிட்டாள்.

ஹாஜர் தன் இடத்துக்கு வந்து, கையெழுத்தில்லாத அந்தப் பதிவை விதிப்படி அழித்தாள். பிறகு கட்டுரையைத் திறந்து, இரண்டாவதாக இருந்த தன் பெயரையும் எடுத்துவிட்டாள்.