தாராக்கள் கழுத்து மடிந்த கோடை

கனடாவில் அஜக்ஸுக்குக் கிழக்கே, ஏரியை ஒட்டிய சதுப்பில், கஸ்பரின் மாமனாரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கியது காட்டு வாத்துகளான தாராக்களைச் சுடும் அந்த வேட்டைச் சங்கம். ஒரு மரக் கொட்டில், சில படகுகள், இலையுதிர் காலத்தில் மட்டும் துவக்குச் சத்தம். ஒரு காலத்தில் உறுப்பினராவதற்கு ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்களாம். எண்பத்து மூன்றில் அகஸ்ரின் சேர்ந்தபோது எஞ்சியிருந்தவர்கள் பெரும்பாலும் கிழவர்கள்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வளர்ந்த அகஸ்ரின், மிசிசாகாவில் விமான உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தான். அங்கே அவனுடைய போர்மன் கஸ்பர். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "தாரா சுடுவாயா?" என்று கேட்டார். ஊரில் சுட்டிருக்கிறேன் என்றான். அப்படித்தான் சங்கத்துக்குள் வந்தான். அவன் மனைவி கிளடிஸுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எண்பத்தெட்டில் கோடை சுட்டெரித்தது. மழையே இல்லை. சதுப்பு வற்றி, சேறு நாறத் தொடங்கியது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை கஸ்பர் போன் எடுத்தார்.

"உடனே வா. தாராக்களுக்கு என்னவோ நடக்கிறது."

சாமான் வாங்கப் புறப்பட்டு நின்ற கிளடிஸும் காரில் கூடப் போனாள். கரையில் இறங்கியதுமே தெரிந்தது. ஆட்கள் கிட்டப் போனால் தாராக்கள் சிறகால் தண்ணீரை அடித்தன, எழும்ப முடியவில்லை. கழுத்தைத் தூக்கப் பலமின்றித் தலை தண்ணீருக்குள் விழ, அப்படியே மூழ்கிச் செத்தன.

அரசாங்கம் அனுப்பிய மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். "சேற்றில் உண்டாகும் நஞ்சு. செத்ததைப் பொறுக்கி எரியுங்கள், இல்லாவிட்டால் பரவும். உயிரோடு இருப்பதை நிழலில் வைத்து நல்ல தண்ணீர் கொடுங்கள்."

"மருந்து?" என்றார் கஸ்பர்.

"இத்தனை பறவைகளுக்குப் போதிய அளவு என்னிடம் இல்லை."

கிழவர்கள் நீண்ட பூட்ஸோடு சேற்றில் இறங்கினார்கள். கிளடிஸ் கொட்டில் நிழலில் உட்கார்ந்து, ஒரு தாராவை மடியில் வைத்து, அதன் கழுத்தை இரண்டு விரலால் தாங்கித் தண்ணீர் பருக்கினாள்.

"ஒண்டு கேக்கன், கோவிக்காதீங்க. இதுகள் தப்பினா செப்டெம்பர்ல நீங்கதானே சுடப்போறீங்க?"

"ஓம்."

"அப்ப என்னத்துக்கு இந்தப் பாடு?"

அகஸ்ரின் சேற்றுக் கையைக் காற்சட்டையில் துடைத்தான். "தெரியல்ல, கிளடிஸ். இப்பிடிச் சாக விடேலாது."

கஸ்பர் எங்கிருந்தோ ஒரு பம்பைக் கொண்டுவந்து ஏரித் தண்ணீரைச் சதுப்புக்குள் இறைத்தார். நாள் முழுக்க ஓடியது. அவ்வளவையும் சேறு குடித்துவிட்டது.

தேறிய சில தாராக்களின் காலில் வைத்தியர் சிவப்பு நாடா கட்டினார். அவற்றைப் பெட்டிகளில் ஏற்றி, தூரத்தில், ரூஜ் ஆறு ஏரியில் விழும் இடத்தில் விட்டார்கள். அவை பறந்ததைப் பார்த்துக் கஸ்பர் கைதட்டினார். அடுத்த வாரம் அகஸ்ரின் செத்த தாராக்களைச் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தபோது ஒன்றின் காலில் சிவப்பு நாடா இருந்தது. பிறகு இன்னொன்று. விட்ட தாராக்கள் திரும்பி இந்தச் சேற்றுக்கே வந்திருந்தன.

அவன் அதைக் காட்டியதும் கஸ்பர் படகின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

"இனி என்ன செய்வது, அகஸ்ரின்?"

அவன் அடுத்த சாக்கை எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கினான்.

குளிர் வந்துதான் நோய் நின்றது. வேட்டைக்காலம் தொடங்கிய காலையில் எல்லோரும் துவக்குகளோடு வந்தார்கள். வடக்கிலிருந்து ஒரு தாராக்கூட்டம் வந்து சதுப்பில் இறங்கியது. கொட்டிலுக்குள் இருந்தவர்கள் கோப்பியைக் குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சுடப் போகிறவர்கள் போங்கள்," என்றார் கஸ்பர். ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த வசந்தத்தில் பாதிப்பேர் கூட்டத்துக்கே வரவில்லை. சங்கத்தைக் கலைக்கலாம் என்பவர்களைக் கைதூக்கச் சொன்னபோது கஸ்பர்தான் முதலில் தூக்கினார். அகஸ்ரின் அவரைப் பார்த்தான். பிறகு அவனும் தூக்கினான்.