நாற்பத்தொன்றாம் எண் கிருமி

என் தங்கையின் ரத்தத்தில் புகுந்து அவளைக் கொன்ற கிருமி, எங்கள் ஆய்வகத்தில் ஒரு குப்பிக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தக் குப்பியில் நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டியவனே நான்தான். எந்த மருந்துக்கும் மசியாத கிருமி அது. அதனால்தான் புதிதாக வரும் ஒவ்வொரு மருந்தையும் முதலில் அதன்மேல் சோதிக்கிறோம். இரண்டு வருடங்களாக அதற்கு வேளை தவறாமல் தீனி போட்டு வளர்க்கிறேன். பாம்புக்குப் பால் வார்ப்பது என்பார்களே, எனக்கு அதுதான் உத்தியோகம்.

நேற்று மாலை அதைத் தட்டில் பரப்பி, புது மருந்து தோய்த்த வில்லையை நடுவில் வைத்துவிட்டுப் போனேன். இன்று காலை பார்த்தால், வில்லையைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் பேருக்குக்கூட ஒரு கிருமி இல்லை. அளந்தேன்: இருபத்திரண்டு மில்லிமீட்டர். தலைமை டாக்டர் கைதட்டி, "எல்லாருக்கும் டீ சொல்லுங்கப்பா!" என்றார். அந்த டீயை அவரே குடிக்கட்டும் என்று வெளியே வந்து, தங்கையின் கணவருக்குப் போன் செய்தேன்.

"மாப்பிள்ளை, அந்தக் கிருமிக்கு மருந்து கிடைச்சிடுச்சு."

அவர் கேட்டார்: "அது சாக எவ்வளவு நேரமாச்சு, மச்சான்?"

"ஒரே ராத்திரிதான்."

"அவ்வளவு சுலபமா விட்டுட்டீங்களே, மச்சான். அவ ஒம்பது நாள் துடிச்சாளே."