நாற்காலியில் இருந்த தோல்

"இன்னிக்கு அரங்கத்துல நான்தான் பேசுவேன் சார், என் பேர் போட்டு" என்று அவள் கேட்ட கணத்தில், அவளுடைய முதுகுத் தோல் கழுத்திலிருந்து இடுப்புவரை வெடித்தது. மடிக்கணினியில் மூழ்கியிருந்த பேராசிரியர் கவனிக்கவில்லை. அந்தப் பூச்சி ஆய்வுக்கூடத்தில் அது அதிசயமும் இல்லை. ஆராய்ச்சி மாணவர்கள் வருடத்துக்கொரு தடவை தோலுரிப்பார்கள். புது உடை தோலுக்கடியிலேயே வளர்ந்துவிடும். எப்படி என்று யாரும் ஆராயவில்லை, அதற்கு நிதி இல்லை. பழைய தோலை உதவியாளர் உதறி, வெள்ளை அங்கிகளோடு கொக்கியில் மாட்டிவிடுவார். கூடத்தின் மூத்த மாணவரான சீனியருக்கு ஒன்பது தோல் ஆகிவிட்டது. ஒவ்வொன்றிலிருந்தும் இன்னும் கொஞ்சம் பருமனாக, அதே "சரிங்க சார்" சொல்லிக்கொண்டு வெளியே வந்தார்.

அவள் வளர்த்தது கரப்பான். "நம்ம வீட்ல இல்லாத கரப்பானாடி? இதுக்கா காலேஜு?" என்றாள் தையல் வேலை பார்க்கும் அம்மா. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் இவள்தான். கேலி செய்த அம்மாதான் கண்டிப்பாகவும் சொல்லி அனுப்பினாள்: "பெரிய மனுஷங்ககிட்ட பங்கு கேக்காத. குடுத்தா வாங்கிக்க."

அதனால் இத்தனை வருடம் வாயைத் திறக்கவில்லை. இளமை ஹார்மோன் ஊறிக்கொண்டிருக்கும்வரை, கரப்பான் குஞ்சு எத்தனை தோல் உரித்தாலும் குஞ்சுதான். அந்த ஹார்மோனின் பேச்சைக் கேட்டு, வளர்ந்த உடம்புக்கான மரபணுக்களைத் தலையெடுக்க விடாமல் வைத்திருக்கும் மரபணு ஒன்று உண்டு. அந்த மரபணுவின் வாயை அவள் அடைத்தாள். அடுத்த உரிப்பில் குஞ்சுகள் வயசுக்கு முந்தி இறக்கையோடு வந்தன. அதைத்தான் இன்று மாடி அரங்கில் பேராசிரியர் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லப்போகிறார். திரையில் காட்டும் கடைசிப் படத்தில் அவளுக்கு ஒரு நன்றி இருந்தது, பொடி எழுத்தில்.

"நீ இன்னும் குழந்தைம்மா. சீனியரப் பாரு, என்ன பொறுமை!" என்றார் பேராசிரியர், மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சீனியரைப் பார்த்துத்தான் அவள் இன்று வாயையே திறந்தாள். தோலை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் பின்பக்கமாக நழுவினாள். மின்விசிறிக் காற்றில் தோலின் தலை மெல்ல ஆடியது.

"அப்படித்தான். சொன்னா கேக்குற பொண்ணு நீ" என்று அவர் தோலுக்கு அறிவுரையைத் தொடர்ந்தார்.

வெளுத்து, ஈரமாக, அலமாரியோரம் நின்று உடம்பு இறுகக் காத்திருந்தாள். உதவியாளர் தேநீரோடு வந்து, ஒரு கோப்பையைத் தோலுக்கு முன்னால் வைத்தார்; யோசித்து, அதையே எடுத்து இவள் கையில் கொடுத்தார்.

"மாட்டிடவாம்மா?"

"இருக்கட்டும்ணே. சாருக்குத் தலையாட்ட ஆள் வேணும்ல."

குடித்து முடிப்பதற்குள் நகங்கள் கெட்டிப்பட்டு, நிறம் திரும்பியது. காலையிலேயே தன் பெயர் போட்டு முடித்த படங்கள் பையில் இருந்தன. கேட்டது ஒரு மரியாதைக்கு. வெளியே வந்தாள். லிப்ட் திறந்துதான் இருந்தது. அதற்குள் நின்றால் இறக்கை கசங்கும் என்று படியேறினாள்.