மூடுகல்

சனிக்கிழமை காலையில் மீனம்பாள் கடப்பாரையைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டாள். குளித்திருந்தாள். ஈரத்தலையை முடிந்து, பண்டிகைக்கு மட்டும் கட்டுகிற நீலச்சேலையைக் கட்டியிருந்தாள். இடுப்பில் ஒரு சின்னத் துணிமூட்டை. அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்காமலே எனக்குத் தெரியும். எங்கள் பிள்ளை எஸ்தரின் பூப்போட்ட கவுன், ஒரு சீப்பு, வெல்லம் போட்டு உருட்டிய மல்லாட்டைக் கடலை உருண்டை இரண்டு.

"எழுந்து வா. கல்லை எடுத்துடலாம்," என்றாள்.

"எந்தக் கல்லை?"

"இன்னாய்யா, எந்தக் கல்லுன்னு கேக்கற? புள்ள மேல போட்டுக்கிறியே, அந்தக் கல்லு. நாலு ஆளு தூக்கின கல்லு அது. இத்தினியூண்டு கைய வச்சிக்கினு அவ எப்படித் தள்ளிட்டு வருவா?"

ஐப்பசி மழையில் வாந்திபேதி கண்டு எஸ்தர் செத்துப்போனபோது அவளுக்கு மூன்று வயது முடியவில்லை. எங்கள் தெருவில் கிறிஸ்து வேதத்துக்கு வந்தவர்கள் ஒன்பது வீடு. தனியாகக் கல்லறைத் தோட்டம் கிடையாது. ஏரிக்கரைக்கு அப்பால், ராஜகிரிக் கோட்டைமலையின் நிழல் விழுகிற புறம்போக்கில்தான் எல்லாரையும் புதைப்பது. அதற்கு முந்தின வருஷம் பக்கத்து வீட்டுப் பச்சமுத்து தன் கைப்பிள்ளையை அங்கே புதைத்தான். மூன்றாம் நாள் நாய்கள் தோண்டிவிட்டன. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். அதனால் எஸ்தருக்கு நானே கல் பிளந்தேன். இரண்டரை முழ நீளம், நாலு விரல் கனம். உளிக்குழி போட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டி ஓங்கியதும் சத்தமே இல்லாமல் விட்டுக்கொடுத்தது. இருபது வருஷமாகக் கல் உடைக்கிறேன், அத்தனை நேராக ஒரு கல்லும் என் கையில் பிளந்ததில்லை. அன்றைக்கு அதில் எனக்கு ஒரு பெருமை கூட இருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிள்ளை போனபிறகு மீனம்பாள் அழவில்லை, சாப்பிடவும் இல்லை. முதலில் ஒருவேளை, பிறகு நீராகாரம் மட்டும், மார்கழியில் அதுவும் பல நாள் இல்லை. குவாரியில் ஜல்லிக் கூடை தூக்கும்போது இரண்டு தடவை விழுந்தாள். அவளை எப்படித் தூக்கி நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் எட்டுக் கிரகமும் ஒரே ராசியில் கூடப்போகிறது என்ற பேச்சு செஞ்சி முழுக்கக் கிளம்பியது. கடைத்தெருவில் டீக்கடை விநாயகம் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, தை இருபத்தொன்றில் தொடங்கி மூன்று நாள், அதோடு உலகம் சரி என்றான். கோயிலில் ஓமத்துக்கு நெய் வசூல் நடந்தது. நம் மலைப்பாறைகளெல்லாம் உருண்டு ஊர்மேல் விழும் என்று யாரோ சொல்ல, கோட்டைப் பக்கத்துக் குடிசைக்காரர்கள் சிலர் வல்லத்தில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நான் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். சுவர்ப்பக்கம் படுத்திருந்தவள் திரும்பினாள். "நம்ம வேதத்துல இன்னா போட்டுக்குது?" என்று கேட்டாள். பத்து நாளில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

எனக்கு எழுத்துத் தெரிந்தது முப்பத்தாறு வயதில். பதினைந்து நாளைக்கு ஒருதரம் சைக்கிளில் வருகிற உபதேசியார் மணலில் எழுதிக் காட்டியது. இன்றைக்கும் விரல் வைக்காமல் எனக்கு வாசிக்க வராது. காய்ப்பேறிய விரல் ஓர் எழுத்தை மறைத்தால் அடுத்த எழுத்து தெரியும், அப்படித்தான் வாசிப்பேன். அன்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். வானத்திலிருந்து ஒரு தூதன் பெரிய சங்கிலியோடு இறங்குகிறான். பொல்லாத வலுசர்ப்பத்தைப் பிடித்துக் கட்டி அடியில்லாத குழியில் தள்ளி மூடி முத்திரை போடுகிறான். பிறகு செத்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். மெதுவாக, விரல் நகர நகர வாசித்தேன்.

"சின்னப் புள்ளைங்களுமா?"

"சின்னவங்க, பெரியவங்க எல்லாரும்னு போட்டுக்குது."

"என்னிக்கி?"

அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போய் கண் மட்டும் பெரிதாக இருந்தது. நான் புத்தகத்தைப் பார்த்தேன். அதில் நாள் எதுவும் இல்லை. விரலை ஒரு வரிமேல் வைத்துக்கொண்டு, "இந்தத் தை மாசம், அவங்க சொல்ற அதே நாள்தான்," என்றேன். அன்று சாயங்காலம் அவள் ஒரு உருண்டைக் களி தின்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வாசித்தேன், தினமும் அவள் தின்றாள். தெருவில் விஷயம் பரவியது. சாமி கும்பிடுகிறவர்களும் வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பேர் எழுதிய புத்தகம் ஒன்று மேலே இருக்கிறது என்று வாசித்தபோது பச்சமுத்து, "யோவ் பெரியதம்பி, நீதான் எழுதப் படிச்சவன் ஆச்சே, ஓரமா என் பேரையும் கிறுக்கி வுட்டுடு. மேஸ்திரி பேரு கண்ணுல பட்டா அடிச்சுடு," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மீனம்பாளும் சிரித்தாள். வாசிக்க வாசிக்க எனக்கே அது நிஜம் போல ஆகிவிட்டது. பொய் என்று தெரிந்து சொன்னவன், ராத்திரி படுத்ததும் அந்தச் சங்கிலிச் சத்தத்துக்குக் காது வைத்துக் கிடந்தேன்.

அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால், வியாழக்கிழமை உபதேசியார் வந்தார். தெருமுனையிலேயே சைக்கிளை நிறுத்திப் பிடித்துக்கொண்டார்.

"நாள் குறிக்க நீ யாருடா? பிதாவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாதுன்னு அதே புஸ்தகத்துல இருக்கே, அத வாசிச்சியா?"

"வாசிச்சேங்க ஐயா."

"வாசிச்சிட்டுமா?"

"அவ சாப்புடலைங்க ஐயா."

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். "நான் அவகிட்ட சொல்றேன். பொய்யில ஒரு ஜீவனை நிறுத்தக்கூடாது," என்று நடந்தார். குடிசை வாசலில் குனிந்து பார்த்தார். மீனம்பாள் மடியில் கவுனை வைத்துத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் பாதி தின்ற களி. "வாங்க ஐயா. புள்ள நாலு மாசத்துல வளந்திருக்குமில்ல, அதான் மடிப்ப அவுத்து வுடறேன்," என்றாள். உபதேசியார் தொப்பியைக் கழற்றினார். கண்ணை மூடி நீளமாக ஜெபம் பண்ணினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிள் ஏறிப் போய்விட்டார்.

குவாரி மேஸ்திரி சுந்தரமூர்த்தி வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் வேலையை நிறுத்திவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருவண்ணாமலைக்குப் போனான். கிரகத்துக்குப் பயந்து மூன்று நாள் லீவு விட்டவன், ஐப்பசியில் மீனம்பாள் வாந்தியெடுக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகக் கேட்டு நின்றபோது, "லாரில லோடு ஏத்திட்டுப் போங்க" என்று சொன்னவன். சங்கிலியில் கட்டப்படுகிறவனுக்கு நான் அவன் முகத்தைத்தான் கொடுத்து வைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அவள் மறுபடி கெஞ்ச வாயெடுத்தபோது, "ஏத்திட்டே போவலாம், ஒரு மணிநேரம்தானே" என்றவன் நான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையின் கை குளிர்ந்துவிட்டது. அவள் இதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அந்த வலுசர்ப்பத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் என் விரல் அந்த இடத்தில் நின்று நின்றுதான் நகரும்.

அந்தச் சனிக்கிழமை, கடப்பாரையையும் சம்மட்டியையும் எடுத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். கல்லின் தலைமாட்டில் மண்ணைப் பறித்து, கடப்பாரையைச் சொருகி, கீழே முட்டுக்கல் வைத்து நெம்பினேன். ஒவ்வொரு நெம்புக்கும் அவள் ஒரு கல்சில்லை இடுக்கில் தள்ளினாள். குவாரியில் பன்னிரண்டு வருஷமாக நாங்கள் சேர்ந்து செய்கிற வேலைதான். பேச்சே தேவையில்லை. கல் ஒரு முழம் விலகி, பிறகு முழுசாக நகர்ந்தது. அதன் கீழே ஈரமண், நசுங்கி வெளுத்த புல். மீனம்பாள் குனிந்து அந்த மண்ணைக் கையால் பொலபொலவென்று கிளறிவிட்டாள். விதை போட்டவள் மேல்மண்ணைத் தளர்த்துவது போல.

"இப்ப பாரமில்ல," என்றாள்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். நாய் வந்தால் நான் கல்லெடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை வெயில் எப்போதும் போல ஏறியது. ஊர்ப்பக்கம் ஓமப்புகை, மேளச்சத்தம். ஆளில்லாமல் ஒரு பஸ் போனது. மதியம் பச்சமுத்து ஒரு சொம்பில் கூழ் கொண்டுவந்தான். தெருவில் வாய் ஓயாதவன், திறந்து கிடந்த மண்ணைப் பார்த்துவிட்டுக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சொம்பை என் பக்கம் நகர்த்திவிட்டுக் கேட்டான்.

"பெரியதம்பி, என் புள்ளய நாயி நாலாப்பக்கம் இழுத்துக்கினு போயிடுச்சே. உங்க சாமி வந்தா எங்கன்னு தேடுவாரு?"

மீனம்பாள்தான் சொன்னாள். "ஒண்ணொண்ணா பொறுக்குவாரு அண்ணே. நாம ஜல்லி பொறுக்கறோமே, அந்த மாதிரி. ஒண்ணு வுடமாட்டாரு."

பச்சமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். அவள் அன்று கூழ் குடிக்கவில்லை. "வந்ததும் அவளோட சேந்து குடிக்கறேன்," என்றாள்.

திங்கட்கிழமை வெயில் உச்சிக்கு வந்தது. மல்லாட்டை உருண்டையில் எறும்பு ஏறியிருந்தது. அவள் ஊதி ஊதி எறும்பை விரட்டினாள். சனிக்கிழமை தின்ற கொஞ்சம்தான் அவள் வயிற்றில். நான் என்ன செய்தேன் என்பது அப்போது முழுசாகத் தெரிந்தது. நாளை என்று சொல்லி ஒருத்தியை ஒரு மாதம் நடத்திக் கூட்டி வந்துவிட்டேன். நாளை மறுநாளைக்கு என்னிடம் ஒரு எழுத்தும் இல்லை. நான் ஜெபம் பண்ணினேன். எனக்காக இல்லை. வராவிட்டாலும் பரவாயில்லை ஆண்டவரே, இவள் வாயில் ஒரு பிடி சோறு இறங்கட்டும் என்று.

அந்தச் சமயம் கொம்பு ஊதியது.

நீளமாக, மூன்று தரம். மலையில் மோதித் திரும்பி வந்தது. மீனம்பாள் துள்ளி எழுந்தாள். மூட்டையிலிருந்து கவுனை உதறி எடுத்து இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு குழியைப் பார்த்து நின்றாள். அவள் முகத்தில் அப்போது இருந்ததை நான் எழுதப்போவதில்லை. பூமி அதிர்ந்தது. பாறைகள் உருளுகிற சத்தம் கேட்டது. கிழக்கே வெள்ளைத் தூசி எழும்பி மெதுவாக வானத்தில் ஏறியது.

அந்தக் கொம்பை அவள் பன்னிரண்டு வருஷமாகக் கேட்டவள். வெடி வைக்குமுன் ஆள் ஒதுங்குவதற்கு ஊதுவது. தூசி அடங்கும் வரை நின்றாள். கை மெதுவாக இறங்கியது. கவுனை நாலாக மடித்தாள்.

"மேஸ்திரி வந்துட்டான்," என்றாள்.

"மீனம்பா..."

"உனுக்கு மொதல்லயே தெரியுமில்ல?"

நான் ஆமாம் என்றேன். அவள் என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். ஏரிப்பக்கம் இரண்டு நாய்கள் மோப்பம் பிடித்துக்கொண்டு நின்றன. அவள் அவற்றைப் பார்த்தாள். பிறகு கவுனை அந்த ஈரமண்ணின் மேல் விரித்து, எறும்பு அரித்த உருண்டை ஒன்றை அதன்மேல் வைத்தாள். மற்றொன்று அவள் கையிலேயே இருந்தது.

"நெம்பு," என்றாள்.

கடப்பாரையைச் சொருகினேன். கல் கோணிக்கொண்டு நகர்ந்தது. அவள் முழங்கையால் முட்டுக்கொடுத்து நேராக்கினாள். தலைமாட்டுப் பக்கம் கல் கடைசியாக உட்காரப்போகிற நேரத்தில், அவள் ஒரு சில்லை எடுத்து இடுக்கில் வைத்தாள். கல் அதன்மேல் நொறுக்கென்று உட்கார்ந்து நின்றது. இரண்டு விரல் இடைவெளி. நாய் மூக்கு நுழையாது. சின்னப்பிள்ளை விரல் நுழையும்.

அந்தச் சில்லைத் தட்டிவிட ஒரு அடி போதும். சம்மட்டி பக்கத்தில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. மீனம்பாள் கல்லோரம் உட்கார்ந்து, கையிலிருந்த உருண்டையிலிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து மண்ணில் விட்டுக்கொண்டிருந்தாள்.