தெரிந்தவர்கள் வந்தால்

மணிலாவின் மகாத்தியில் இருக்கும் அந்தப் பெரிய மாலுக்கு ஆறு வாசல். நான்காம் வாசலில் நிற்பவள் ரொவேனா. வெள்ளைச் சட்டை, நீலப் பேன்ட், கையில் முழ நீளக் குச்சி ஒன்று. உள்ளே வருகிறவர்கள் பையைத் திறந்து காட்டுவார்கள். அவள் குச்சியை விட்டு இரண்டு கிண்டு கிண்டிவிட்டு, குட் மார்னிங் சொல்லி அனுப்புவாள். மணிலாவில் அந்தக் குச்சி இல்லாத வாசலே கிடையாது. அதனால் எத்தனை திருடர்கள் பிடிபட்டார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். விலை உயர்ந்த கைப்பை என்றால் குச்சி உள்ளே போகவே போகாது. மேலாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

போன மாதம் மூன்றாம் மாடிக் கைக்கடிகாரக் கடையில் திருட்டு நடந்தது. வந்தவர்கள் இரண்டு பெண்கள், பட்டும் வாசனையுமாக, பார்த்தால் மந்திரி வீட்டு மனிதர்கள் மாதிரி. அவர்களில் ஒருத்தி இரண்டாம் வாசல் காவலாளிக்குச் சொந்தம் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்து தினமும் காலை அணிவகுப்பில் இன்சார்ஜ் துமலாவ் ஒரே பாட்டைப் பாடினார். தெரிந்தவர்கள் வந்தால் சிரிக்கக் கூடாது, பேசக் கூடாது. உடனே அவரிடம் சொல்ல வேண்டும். வேறொரு காவலாளி சோதனை போடுவார், நோட்டில் பெயர் எழுதப்படும், அவ்வளவுதான். சொல்லாமல் மறைத்தால் மிதப்பு.

மிதப்பு என்றால் வேலையை விட்டும் எடுக்க மாட்டார்கள், வேலையும் தர மாட்டார்கள். ஏஜென்சி மறுபடி கூப்பிடும்வரை வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். ஆறு மாதம்கூட ஆகும். ஏற்கெனவே இரண்டு பேர் அப்படி உட்கார்ந்திருந்தார்கள். ரொவேனாவின் ஒப்பந்தம் வெள்ளிக்கிழமை முடிகிறது. புருஷன் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். வீட்டில் ஆறு வயதுப் பெண் கிறிஸெல்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு வரிசையில் நெனிதா நின்றிருந்தாள்.

நெனிதா யாரென்றால், கிறிஸெலின் ஞானத்தாய், ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நின்றவள். பெற்றவளும் ஞானத்தாயும் அங்கே ஒருவரை ஒருவர் 'மாரே' என்று கூப்பிடுவார்கள். கூடப்பிறந்தவளுக்கு ஒரு படி மேலே. பிள்ளைக்கு அவள் 'நினாங்'. அடுத்த சந்தில் குடியிருக்கிறாள், ஊர்த் துணி துவைக்கிறாள். ரொவேனா வேலைக்குப் போகும் பன்னிரண்டு மணி நேரமும் பிள்ளைக்குச் சோறு போட்டு, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுபவள் அவள்தான். அன்று ரொவேனா போட்டிருந்த சட்டைக்குக் கஞ்சி போட்டதும் அவள்தான்.

தேய்ந்த ரப்பர் செருப்பு, சாயம் போன பூப்போட்ட சட்டை, தோளில் சந்தைக்குக் கொண்டுபோகும் பெரிய பை. முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் அவளை விட்டு அரை அடி ஒதுங்கியே நின்றார்கள். தோழியைச் சீருடையில் முதல்முறை பார்க்கிற பெருமை அவள் முகம் முழுக்க வழிந்தது. வாய் 'மா' என்று குவிந்துவிட்டது.

துமலாவ் நாலடி தள்ளி நின்றார். 'சார், தெரிஞ்சவங்க' என்று சொன்னால் தீர்ந்தது. விதியே அதற்கு வழி வைத்திருக்கிறதே. ரொவேனாவும் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் அவள் கண் கீழே போய்விட்டது, அந்தச் செருப்புக்கு. வரிசையில் நின்ற ஒரு சீமாட்டியும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையைத் திறங்க, மேடம்" என்றாள் ரொவேனா.

குவிந்த வாய் அப்படியே நின்றது. நெனிதா ஒரு கணம் அவளைப் பார்த்தாள், பின்னால் நின்ற துமலாவைப் பார்த்தாள், பையைத் திறந்தாள். பதற்றத்தில் ரொவேனாவுக்கு அளவு தெரியவில்லை. இரண்டு கிண்டோடு விட்டிருக்கலாம். யாருக்கும் காட்டாத கண்டிப்பை எல்லாம் சேர்த்து, சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து மேசைமேல் வைத்தாள். குடை. சோற்று டப்பா. கடைசியில் பழைய கறுப்பு ஷூ, ஒற்றைக் கால் மட்டும், சிறு பிள்ளையுடையது.

அது கிறிஸெலின் ஷூ. பாலர் வகுப்புப் பட்டமளிப்பு அடுத்த வாரம். ஞானமகளுக்குப் புது ஷூ எடுக்க, அளவுக்கு ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று ரொவேனாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

துமலாவுக்குப் புரிந்தது வேறு. பழைய ஷூவை வைத்துவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு போகிற கூட்டத்தை அவர் நிறையப் பார்த்தவர். பக்கத்தில் வந்து ஷூவைத் திருப்பிப் பார்த்தார்.

"இவங்க உன்னப் பாத்துச் சிரிச்சாங்களே. தெரிஞ்சவங்களாம்மா?"

"இல்ல சார்" என்றாள் ரொவேனா.

அவர் நெனிதா பக்கம் திரும்பினார். அவள் துளிகூடத் தடுமாறவில்லை. "இல்லீங்க. நான் எல்லாரையும் பாத்து அப்படித்தான் சிரிப்பேன்" என்றாள்.

அவளை உள்ளே விட்டார்கள். விட்டுவிட்டு, துமலாவ் வாக்கி டாக்கியில் அடையாளம் சொன்னார். அப்புறம் கேட்கவா வேண்டும். நெனிதா ஷூக் கடையில் உட்கார்ந்து பழையதன் அடிப்பாகத்தைப் புதியதன் அடிப்பாகத்தோடு ஒட்டவைத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது, இரண்டு காவலாளிகள் வந்து எழுப்பினார்கள். கடையில் இருந்த அத்தனை பேரும் பார்க்க, அவளைக் கீழ்த்தளப் பாதுகாப்பு அறைக்கு நடத்திக்கொண்டு போனார்கள்.

பெண்ணைச் சோதனை போட வேண்டுமானால் பெண் காவலாளிதான் போட வேண்டும். அந்த நேரத்தில் பணியில் இருந்த ஒரே பெண் ரொவேனா.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. வெளியே துமலாவ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ரொவேனா உள்ளே போனாள். கையைத் தூக்கச் சொல்லக்கூட அவளுக்கு வாய் வரவில்லை. நெனிதாவே தூக்கிக்கொண்டாள். அக்குள், இடுப்பு, கால் என்று தடவிப் பார்க்க வேண்டும், ரொவேனா தடவினாள். நெனிதாமேல் அடித்த சவுக்கார வாசம் அவள் சொந்தச் சட்டையிலும் அடித்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு செத்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

நெனிதா உதடு அசையாமல் சொன்னாள்: "நடுங்காத. வெளிய தெரிஞ்சிடும்."

ஒன்றும் கிடைக்கவில்லை. இருந்தால்தானே கிடைப்பதற்கு. நடைமுறை என்று துமலாவ் மரியாதையாகவே மன்னிப்புக் கேட்டார். நெனிதா பரவாயில்லை என்றாள். நேரே வாசலுக்குப் போவாள் என்று பார்த்தால், மறுபடி அதே கடைக்கு ஏறிப்போய், அதே ஷூவை வாங்கிக்கொண்டுதான் வெளியே போனாள். துமலாவ் ரொவேனாவின் தோளைத் தட்டி, நல்ல கண்ணும்மா உனக்கு, வெள்ளிக்கிழமையப் பத்திக் கவலப்படாத என்றார். அவள் தேங்க்யூ சார் என்றாள். அதையும் சொன்னாள்.

சாயங்காலம் பிள்ளையை அழைத்துவரப் போனபோது, கிறிஸெல் புது ஷூவோடு கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தாள். நினாங் உன் மாலுக்கு வந்தாங்களாம்மா, அங்க ஒரு செக்யூரிட்டி அக்கா ரொம்ப நல்லவங்களாம், நீ பாத்தியா என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

"உங்கம்மா வேற வாசல்ல நின்னிருப்பாடி" என்றாள் நெனிதா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே.

பிள்ளை தெருவுக்கு ஓடியதும் ரொவேனா அடுப்படிக்கு வந்தாள். என்ன சொல்வதென்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். வேலை போயிடும்னு பயந்துட்டேன் மாரே, துமலாவ் கேட்டதும் எனக்கு வேற வழி தெரியல, மன்னிச்சிடுங்க என்று அழுதாள்.

நெனிதா அரிசியில் தண்ணீரை அளந்து ஊற்றி மூடினாள்.

"அவர் கேட்டதுக்கு நீ சொன்ன பொய் எனக்குப் பெரிசில்ல. நானும்தான சொன்னேன். ஆனா அதுக்கு முன்னாடி உன்ன யாரும் ஒண்ணும் கேக்கலையே, ரொவேனா. நீயாத்தான் என் செருப்பப் பாத்த. அப்புறம்தான் மேடம்னு கூப்பிட்ட."

இல்லை மாரே என்று சொல்ல ரொவேனா வாயைத் திறந்தாள். அந்த ஒரு பொய் மட்டும் அன்றைக்கு வரவில்லை. தலையை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். பார்த்த இடத்தில் நெனிதாவின் வெறுங்கால் இருந்தது. அங்கிருந்தும் கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"அந்தச் சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போ" என்றாள் நெனிதா. "காலைல கஞ்சி போட்டு வைக்கிறேன்."